ஆமென்னுக்குப் பிறகு

பிரிசில்லாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புருஷன் வின்சென்ட் மறுபடியும் பேச வேண்டும். வீடு வாசல் வேண்டாம், நகை நட்டு வேண்டாம், அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் போதும். அதைத்தான் அவள் பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசுவிடம் வியாழக்கிழமை தவறாமல் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். தவறாமல் என்று சொல்வதற்கில்லை. தவறிப்போனதுதான் கதையே.

ஒன்பது வியாழக்கிழமை விடாமல் போய் நவநாள் செபம் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கோயிலில் முறை. கேட்டது கிடைத்தவர்கள் ஏராளம் என்று பேச்சு. நெற்றியில் விபூதி வைத்தவர்களும் பர்தா போட்டவர்களும்கூட மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற முத்தம்மாவும் பிரிசில்லாவைப் போலவே கோலார் தங்கவயல்காரி. அவள்தான் சட்டத்தை எடுத்துச் சொன்னாள்.

"நடுவுல ஒண்ணு வுட்டாலும் போச்சு மே. திரும்ப முதல்ல இருந்து வரணும். குழந்தைகிட்ட வெளையாட்டு வெச்சுக்கக்கூடாது."

பிரிசில்லா சந்தேகத்துக்கு ஃபாதரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள். அவர் சிரித்துவிட்டார். "கடவுள் என்னம்மா, ரிஜிஸ்டரை வெச்சுக்கிட்டா உக்காந்திருக்காரு? முடிஞ்ச அன்னிக்கு வாங்க, மனசோட வாங்க, போதும்" என்றார். பிரிசில்லா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அவருக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா, அவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். இந்த விஷயத்தில் அவளுக்கு முத்தம்மாவின் மேல்தான் நம்பிக்கை.

வின்சென்ட் இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறினவர். கல் சரிந்த நாட்களிலும் அவர் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. சுரங்கத்தை மூடின பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக பெங்களூருக்கு வந்து, பிரேசர் டவுனில் ரயில் லைன் ஓரம் ஓர் அறையும் சமையல்கட்டும் வாடகைக்குப் பிடித்தார்கள். அவர் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனார். அவள் தையல் கடைக்காரருக்குப் புடவை ஃபால்ஸ் அடித்துக் கொடுத்தாள். ஒரே மகள் கிளாடிஸ் கல்யாணமாகி ஜோலார்பேட்டையில் இருந்தாள். குறை ஒன்றும் இல்லை. மறு வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், முகம் மழிக்க கண்ணாடி முன்னால் நின்றவர் சோப்பு நுரையோடு சாய்ந்துவிட்டார். பூமிக்கடியில் ஒன்றும் ஆகாத மனுஷன், வெட்ட வெளிச்சத்தில் விழுந்தார்.

மருந்தும் மாத்திரையுமாக ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில், வலது காலும் கையும் பாதிக்குமேல் திரும்பி வந்தன. வாய் மட்டும் வரவில்லை. "தா" என்ற ஓர் ஒலிதான் மிச்சம். தண்ணீருக்கும் தா, தலைவலிக்கும் தா, கோபம் வந்தால் தாதாதா. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வழி இல்லை.

"ஆறு மாசத்துக்குள்ள எது வருதோ அதுதாம்மா வரும்," என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் பெருசா எதிர்பார்க்காதீங்க."

வேறு யாருக்காவது வாய் போயிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. வின்சென்ட்டுக்கு இருந்த சொத்தே அந்தக் குரல்தான். தங்கவயலில் அவர்கள் இருந்த லைன் வீடுகளில் சாயங்கால செபமாலையை அவர் ஆரம்பித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். முன்பாதியை அவர் சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் அதே செபம்தான். கூட இருக்கிறவன் இந்துவோ, பௌத்தனோ, கூண்டு தரை தட்டுகிறவரை அவனும் பின்பாதி சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவும் பழைய செபம். கோயிலில் எல்லாரும் 'அருள் நிறைந்த மரியே' என்று புது வார்த்தைகளுக்கு மாறி வருஷக்கணக்கான பிறகும், தன் தாத்தா வடாற்காட்டிலிருந்து கொண்டுவந்த 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே'வை அவர் விடவில்லை. "மாதாவுக்குப் பழைய தமிழ்தான் பழக்கம்" என்பார்.

அவர் செபத்தில் பிரிசில்லாவுக்கு ஒரே ஒரு குறை உண்டு. எல்லாம் முடிந்து, சிலுவை போட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே ஆமென் என்பார். சொன்ன வாய் மூடாது. அதே மூச்சில், "பிரிசில்லா, சோத்தப் போடு" என்பார். இருபத்தாறு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

"ஆமென்னுக்கும் சோத்துக்கும் நடுவுல ஒரு மூச்சாவது வுடக்கூடாதா? மாதா இன்னா நெனைப்பாங்க?" என்று இவள் சண்டைக்குப் போவாள்.

"மாதா வீட்லயும் ஒரு தச்சுவேலைக்காரர் இருந்தாரு. அவரும் பசியோடதான் வந்திருப்பாரு" என்பார் அவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம், பிரிசில்லா வழக்கப்படி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, செபமாலையை அவர் கையில் கொடுத்து, எதிரில் முட்டி போட்டாள். ஆரம்பிக்க வேண்டியவர் அவர்தானே. அவரும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். "தா" என்று வந்தது. மறுபடி முயன்றார். "தா, தா." பிறகு அழுதார். சுரங்கத்தில் தம்பி செத்த அன்றுகூட அழாத மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பிரிசில்லாவால் பார்க்க முடியவில்லை. செபமாலையை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செபம் இல்லை. அவர் காதுபடச் செபம் சொல்வது, காலில்லாதவன் எதிரில் ஓடிக் காட்டுகிற மாதிரி என்று அவளுக்குப் பட்டது. தனக்குத் தோன்றும்போது குழாயடியில், கொடியில் துணி போடும்போது, உதடு அசையாமல் சொல்லிக்கொண்டாள். சத்தமாகக் கேட்பதை எல்லாம் விவேக் நகருக்குக் கொண்டுபோனாள்.

வியாழக்கிழமைகளில் பக்கத்து வீட்டு லட்சுமம்மா கீரைக்கட்டோடு வந்து வின்சென்ட்டுக்குத் துணையாக உட்கார்ந்துகொள்வாள். கீரை ஆய்ந்தபடி கன்னடத்தில் ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். அவர் தா என்பார். "நம்ம வீட்டு யஜமானருக்கு வாய் நல்லா இருக்குது, ஆனா நான் சொல்றதை ஒரு நாளும் கேட்டதில்ல. இவரு எவ்வளவோ தேவல" என்பது லட்சுமம்மாவின் அபிப்பிராயம்.

முதல் சுற்றில் மூன்று வியாழன் முடிந்தது. நாலாவது வியாழன் வின்சென்ட்டுக்குக் காய்ச்சல். அசைய முடியவில்லை. மறு வாரம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு முடிந்தது. ஏழாவது வியாழன் கிளாடிஸின் மாமனார் போய்விட்டார். சம்பந்தி சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? லட்சுமம்மாவிடம் புருஷனை ஒப்படைத்துவிட்டு ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினாள். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையைப் பார்த்து, சம்பந்தி மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே வியந்தது. அழுதது ஆறு வியாழக்கிழமைக்காக என்று யாருக்குத் தெரியும்.

மூன்றாவது சுற்று சுலபமாகப் போயிற்று. வியாழன்தோறும் விரதம் இருந்தாள். மத்தியானம் அவருக்கு மட்டும் ராகிக் கஞ்சி. போய்வந்த பிறகுதான் அடுப்பில் சோற்று உலை. எட்டு முடிந்தது. முத்தம்மா எட்டாவது வாரமே, "அடுத்த வாரம் பெரிய மெழுகுவர்த்தியா ஏத்து" என்று முழ நீளத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் சொன்ன ஆறு மாசம் அடுத்த செவ்வாய் விட்டு அதற்கடுத்த செவ்வாயோடு முடிகிறது. ஒன்பதாவது வியாழன் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. இதில் ஏதோ இருக்கிறது என்று பிரிசில்லாவுக்கு உறுதியாகத் தோன்றியது.

ஒன்பதாவது வியாழன் பந்த். காவேரியில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று பெங்களூரில் பஸ் போகவில்லை. ஆட்டோ இல்லை, கடை இல்லை. காலையிலிருந்தே லட்சுமம்மா வாசலில் நின்று காவல் காத்தாள்.

"பிரிசில்லம்மா, இவத்து பேடா, இன்னிக்கு வேணாம். ரோட்ல கலாட்டா. தமிழ்ல ஒரு வார்த்தை பேசிட்டா என்ன பண்ணுவாங்களோ. இங்கயே பக்கத்துல சர்ச் இருக்குதல்லவா? அந்த தேவரும் இந்த தேவரும் வேற வேறயா?"

"வேற இல்ல. ஆனா கணக்கு அங்கதான் இருக்குது" என்றாள் பிரிசில்லா.

மூன்று மணிக்கு மெழுகுவர்த்தியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பினாள். ரயில் பாலத்தைத் தாண்டவில்லை. நடுரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. வரிசையாகப் போலீஸ். ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"எல்லிகம்மா?"

சர்ச்சுக்கு என்று கன்னடத்திலேயே சொன்னாள். தங்கவயல்காரிக்கு அது ஒரு கஷ்டமா. அவர் நல்லவிதமாகத்தான், நாளைக்குப் போகலாம், சாமி எங்கேயும் ஓடிவிடாது, வீட்டுக்குப் போ என்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் அவள்.

அதிலென்ன என்பது போல் அவர் பார்த்தார். அவருக்கு எப்படி விளக்குவது? இரண்டு சந்து சுற்றிப் பார்த்தாள். எங்கும் அடைப்பு. திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காய்ச்சல் நீ அனுப்பியது, சாவு நீ அனுப்பியது, இப்போது பந்த்தும் நீதான். வரச் சொல்கிறவனும் நீ, கதவைச் சாத்துகிறவனும் நீயா? மூன்று வயசுக் குழந்தை என்று பார்த்தால் உனக்கு இத்தனை பிடிவாதமா? குழந்தை இயேசுவை அவள் வழி நெடுக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தாள்.

துணைக்கு உட்கார்ந்திருந்த லட்சுமம்மா கீரையை மடித்து எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். வின்சென்ட் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "தா?" என்றார். அவள் பையைத் தரையில் வைத்தாள். பையிலிருந்த மெழுகுவர்த்தியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் முதல் வியாழன், அதற்கு இவ்வளவு பெரியது எதற்கு? வீம்பாகத் தீக்குச்சியைக் கிழித்து மாதா படத்துக்கு முன்னால் ஏற்றினாள். ஏற்றியாயிற்று, சும்மாவா இருப்பது? மேல் தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி, ஐந்து மாதத் தூசியை முந்தானையால் துடைத்து, செபமாலையை எடுத்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். அவர் அழுதால் அழட்டும், இன்றைக்கு யாருக்காகவும் பார்ப்பதாக இல்லை என்று வாய்விட்டே ஆரம்பித்தாள்.

முன்பாதியை அவள் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. தடுமாறித் தடுமாறி, கோயிலில் சொல்கிற புது வார்த்தைகளில் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி, இயேசுவும் ஆசி பெற்றவரே என்று வந்து நிறுத்தினாள். பின்பாதியை எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு வாங்கினாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். எந்த ரேடியோவில் இந்தப் பழைய செபம் வரும்? குரல் குழறியது, ஓரங்கள் மழுங்கியிருந்தன. ஆனால் நிற்கவில்லை. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று ஏறி, எங்கள் மரண நேரத்திலும் என்று இறங்கி, வேண்டிக்கொள்ளும் ஆமென் என்று முடிந்தது.

பிரிசில்லா திரும்பிப் பார்த்தாள். வின்சென்ட்டும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே ஆச்சரியம், கண் அகன்றிருந்தது.

அவள் செய்திருக்க வேண்டியது செபமாலையின் அடுத்த மணியைத் தொடுவது. செய்தது வேறு. செபமாலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினாள். "லட்சுமம்மா! ஓடியாங்க! அவரு பேசிட்டாரு!" லட்சுமம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"இன்னொரு தரம் பேசுங்க. தண்ணி சொல்லுங்க. தண்ணி."

"தா."

"பிரிசில்லான்னு சொல்லுங்க. பி... ரி... வாயைத் தொறங்க. இப்பதான சொன்னீங்க?"

"தா. தா. தாதா."

அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் விடவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் பக்கத்திலிருந்த டம்ளரை இடது கையால் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"அவரை விட்டுடு பிரிசில்லம்மா, பாவம்" என்று லட்சுமம்மா சொன்னாள். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவளுக்கு ஏதோ காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

பிரிசில்லா தரையைத் துணியால் ஒற்றினாள். ஒற்ற ஒற்ற ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்து வந்தது. அன்றைக்கு அவரை ஆரம்பிக்கச் சொன்னோம். அவரால் ஆரம்பிக்கத்தான் முடியவில்லை. யாராவது ஆரம்பித்து வைத்திருந்தால்? ஒரே ஒரு நாள் நாம் ஆரம்பித்திருந்தால்? ஐந்து மாதம் அந்த மனுஷன் வாய்க்குள் செபத்தை வைத்துக்கொண்டு இதே கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரக்கப்படுகிறேன் என்று டப்பாவில் போட்டு மூடியது நான்தான். இங்கே மூடி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் அங்கே கொடு கொடு என்று கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு செபமாலையைத் தேடி எடுத்தாள். மாலையில் ஒரே ஒரு மணிதான் உருண்டிருந்தது, மிச்சம் ஐம்பத்திரண்டு. நடுவில் விட்டால் முதலிலிருந்து. அதுதானே சட்டம்? சிலுவையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. முன்பாதியைச் சொன்னாள், நிறுத்தினாள், காத்திருந்தாள்.

முதல் மூன்று மணிகளுக்கும் பதில் இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று அவளே பின்பாதியையும் சொல்லிக்கொண்டு போனாள். நாலாவது மணியில் சுவர்ப் பக்கமிருந்து முணுமுணுப்பு வந்தது. முதல் பத்து மணி முடிவதற்குள் அது குரலாயிற்று. இரண்டாவது பத்தில் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பி உட்கார்கிறார். மூன்றாவது பத்தின் நடுவில் அவள் ஓரிடத்தில் திணற, அவர் பொறுக்கமாட்டாமல் முன்பாதியைத் தானே பிடுங்கிக்கொண்டார். பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க. அதன் பிறகு அவர் முன்னே, அவள் பின்னே. தங்கவயலில் இருந்த மாதிரியே. அவள் கொஞ்சம் வேகமாகப் போனால் அவர் இழுத்துப் பிடித்தார். தேம்பலில் அவள் குரல் அறுந்தபோது அவர் நிறுத்தி, அவள் சேர்ந்துகொள்ளும்வரை காத்திருந்தார். மன்றாட்டு மாலையில் மாதாவின் பெயர்களெல்லாம் ஒன்று விடாமல் வந்தன. வெளியே ஏதோ கோஷம் கேட்டுத் தேய்ந்தது. முத்தம்மாவின் மெழுகுவர்த்தி கால்வாசி இறங்கியிருந்தது.

கடைசியில் அவர் வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இடது கையாலேயே நெற்றியில் சிலுவை போட்டார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே ஆமென் பிரிசில்லா சோத்தப் போடு."

மூச்சு விடாமல்தான் சொன்னார்.

சொன்ன பிறகு அவர் வாய் திறந்தபடியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பிரிசில்லா வாயில், இன்னொரு தரம் சொல்லுங்க என்பது வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அதை அடக்கினாள். கேட்கமாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் ஆரம்பித்தால் நாளைக்கும் வரும். வராவிட்டால் நாளன்றைக்கு. அதற்கு பஸ் வேண்டாம்.

அவர் காத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமை. பானை கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கிறது.

"ஐயோ, இன்னும் ஒலையே வெக்கலைங்க" என்றாள்.

"தா" என்று முகத்தைச் சுளித்தார் வின்சென்ட்.

இருபத்தாறு வருஷத்தில் ஆமென்னுக்குப் பிறகு அவர் சோற்றுக்குக் காத்திருந்தது அன்று ஒருநாள்தான். பிரிசில்லா ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அவசரத்தில் ஓர் ஆழாக்கு போடுகிற இடத்தில் இரண்டு ஆழாக்கு அரிசி விழுந்துவிட்டது. திருப்பி அள்ளவில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே களைந்து போட்டாள்.